அவர் வந்தால் கரண்ட் போகும்

"இன்னா மாஸ்டர் இது? மறுபடியும் கரண்ட் பூட்ச்சி!"

மிக்ஸியின் பிளக்கைக் கையில் பிடித்தபடி அருள்பிரகாசம் இருட்டில் நின்றார்.

ராயபுரத்தில் அவர் நடத்தும் மெஸ்ஸுக்குப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் துறைமுகத்து லாரி டிரைவர்கள் சாப்பிட வந்துவிடுவார்கள். மீன் கழுவுவது, குழம்புக்கு மசாலா அரைப்பது இரண்டையும் அவர் யாரிடமும் விட மாட்டார். பதினொரு மணிக்கு அவரே சமையலறைக்குள் வருவார்.

ஒரு வாரமாக, அவர் பிளக்கைச் சொருகப் போகும் அந்த நொடியில் கரண்ட் போய்விடுகிறது.

தெருவுக்கு ஓடிப் பார்த்தார். பக்கத்து டீக்கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தால் இங்கேயும் கரண்ட் இருந்தது.

சமையல் மாஸ்டர் நோயலிடம் பிளக்கைக் கொடுத்துச் சொருகச் சொன்னார். கரண்ட் போகவில்லை. இவர் இடது கையால் முயன்றார். போனது.

"கரண்ட்டுக்கு உங்க மேல இன்னா காண்டோ!" நோயல் சிரித்தார்.

அருள்பிரகாசத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தன் உடம்பிலேயே ஏதோ கோளாறோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் வல்லரசு இரண்டு முறை வந்து பார்த்தான்.

"லைன்ல ஒண்ணும் இல்லண்ணா. ஆனா இந்த பிளக் பாயிண்ட் ஒடைஞ்சி கீது. மாத்திடலாமா?"

"அத்த அப்பால பாத்துக்கலாம். கரண்ட் இன்னாத்துக்குப் போவுது, அத்தச் சொல்லு."

வல்லரசு தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

யார் கண் பட்டதோ என்று மனைவி அடைக்கலமேரி மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலை அதை ஸ்விட்ச் போர்டு மேலேயே தெளிக்கப் போனார். பாத்திரம் தேய்க்கும் மங்கை ஓடி வந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அங்க வாணாண்ணா! வாசல்ல தெளி!"

வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாதவள். தீர்த்தத்தைக் கண்டு இவள் ஏன் பதறுகிறாள்?

அன்று பதினொரு மணிக்கு வழக்கம்போல பிளக்கை எடுத்துக்கொண்டு பாயிண்ட் பக்கம் போனவர், சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

முந்தானையைச் சுற்றிய மங்கையின் கை மெயின் ஸ்விட்ச் மேல் இருந்தது.

கரண்ட் போனது.

"நீதானா அது!" அருள்பிரகாசம் கத்திய கத்தலில் கரண்டியோடு ஓடி வந்தார் நோயல். "யாரு சொல்லிக் குடுத்து பண்றே? எதிர்க் கடைக்காரனா? என் பொழப்புல மண்ணப் போடத்தான் வேலைக்கு வந்தியா?"

மங்கை ஸ்விட்ச்சிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னியோட உன் வேல முடிஞ்சிது. கெளம்பு!"

அவள் ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"வந்த அன்னிக்கே சொன்னேண்ணா. மீன் கழுவுன கையோட அந்த ஒடைஞ்ச பாயிண்ட்டத் தொடாதன்னு. 'தேய்க்கிற வேலைய மட்டும் பாரு'ன்ட்ட."

அருள்பிரகாசம் தன் கையைப் பார்த்தார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நா போறேன். நாளைலேர்ந்து நீ தொடறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ண, வேற யாரையாவது இங்க நிக்க வச்சிக்கண்ணா."