மேட்டில் ஒரு முளை

தாமல் ஏரியில் மாலை வெயில் தகதகக்கிறது. சாரணியர் முகாமுக்கு இடம் தேடி அலைகிறாள் காந்தா டீச்சர். இன்று இடம் அமையாவிட்டால் முகாம் பள்ளிக்கூட ஹாலில்தான் என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். தண்ணீரோரத்துப் புல்தரை கண்ணை இழுக்கிறது. ஆனால் அங்கே நிற்கும் கருவேல மரத்தில் இடுப்புயரத்துக்குக் காய்ந்த பாசி. ஒரு பெருமழைக்கு ஏரி அதுவரை ஏறும். மனசில்லாமல் புல்லை விட்டு மேட்டில் ஏறுகிறாள். வீட்டுத் தறியிலிருந்து கொண்டுவந்த பட்டிழையை உயர்த்திப் பிடிக்கிறாள். அது காற்றில் ஏரிப் பக்கம் பறக்கிறது. அந்தப் பக்கம் அடுப்பு மூட்டினால் புகை கூடாரத்துக்கு வராது. சட்டென்று வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, ஏரிப் பக்கம் தலையைத் திருப்புகிறாள். மதகு பார்க்கும் வீராசாமி பதறிக்கொண்டு ஓடிவருகிறார்.

"இன்னாம்மா இது, மண்ணுல படுத்துக்கினு?"

"கூடாரத்துல கண்ணு முழிச்சா ஏரி தெரியுமான்னு பாக்கறேன்பா."

முழு ஏரியும் தெரிகிறது, நடுவில் வெள்ளை வெள்ளையாய்க் கொக்குகளோடு.

"பொம்பளப் புள்ளைங்க வெட்டவெளியில படுக்கறதாம்மா? ஊரு இன்னா பேசும்?"

"பேசறவங்க என்னைப் பேசட்டும்பா. மொதல்ல படுத்தது நான்தானே?"

எழுந்தவள் முதுகு மண்ணைக்கூடத் தட்டாமல், கல்லொன்றை எடுத்து, பையில் கொண்டுவந்த கூடார முளைகளில் முதல் முளையை அடிக்கிறாள்.