நாலாவது ஆள்

"தாம்போதியிலை காத்து முகத்திலை அடிக்கேக்கை முன்னுக்கு ஓட ஒருத்தன் வேணும். அது எமிலியானுஸ்தான்," என்று கனகசபை பென்சிலால் மேசையில் தட்டினார்.

சரவணை ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரக் கூட்டம். மூன்று நாள் சயிக்கிள் ஓட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம். முதல் நாள் பருத்தித்துறை, அடுத்த நாள் ஆனையிறவு, கடைசி நாள் கடலை ஊடறுத்துப் போகிற பண்ணைத் தாம்போதி ரோட்டால் தீவுக்குள் இறங்கி ஊர்காவற்றுறையில் முடிவு. வழக்கமாக ஒரு கழகத்துக்கு ஐந்து பேர்: ஓடுவதற்கு நாலு பேர், ஐந்தாவது மாற்று ஆள். ஆனால் இது எழுபத்திமூன்றாம் ஆண்டு. இறக்குமதி நின்று, பாணுக்கே வரிசையில் நிற்கிற காலத்தில் டயருக்கு எங்கே போவது? கழகத் தலைவர் கனகசபை ஆள்பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி எடுத்தது நாலு சோடி டயர்தான். ஆகவே மாற்று ஆள் இல்லாமல் நாலு பேர்.

குலசிங்கம் அணித் தலைவன், அதில் பேச்சில்லை. கதிர்காமு கடைசி மைலில் பாய்கிறவன். நயினாதீவுக் குருக்களின் மகன் வாமதேவன் நாள் முழுக்க மிதித்தாலும் வாடமாட்டான். நாலாவது ஆள் எமிலியானுஸா, சிவபாதமா என்பதில்தான் ஒரு மணித்தியாலமாக இழுபறி.

எமிலியானுஸ் ஊர்காவற்றுறையில் இருந்தான், கூட்டத்துக்கு வரவில்லை. சிவபாதம் கழகத்தின் செயலாளர் என்பதால் அறிக்கைப் புத்தகமும் கையுமாக அங்கேயே இருந்தான். மூன்று வருடமாக அந்த ஐந்தாவது மாற்று ஆள் அவன்தான். மற்றவர்களின் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு லொறியின் பின்னால் குந்தியிருந்து ஓட்டம் பார்த்தவன். வயது இருபத்தெட்டு. இந்த முறை இல்லையென்றால் இனி எந்த முறையும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

எமிலியானுஸ் சொல்வழி கேட்கமாட்டான், தனியே பிய்த்துக்கொண்டு ஓடிவிடுவான் என்று சொல்லிப் பார்த்தான். குலசிங்கம் சிரித்தான். பட்டினத்துக் கழகம் இந்த முறை மாடு மாதிரி இரண்டு பேரை இறக்குகிறது, அவர்களைத் துரத்திப் பிடிக்க அப்படி ஒருவன்தான் வேண்டும் என்றான்.

இதற்குள் தலைவருக்குக் கடிதம் ஒன்று கொண்டுவந்திருப்பதாக வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். செல்வரத்தினம் என்று பெயர் சொன்னார். கூட்டம் முடியட்டும், அவசரமில்லை என்று வாசலோரக் கதிரையில் இருந்துகொண்டார். யாரும் அவரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

"அப்ப எமிலியானுஸின்ரை பேரை எழுதுவம்," என்றார் கனகசபை.

சிவபாதம் பேனையை மூடினான்.

"சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான். அவனுக்குக் கசம், காசநோய். போன கிழமை தாம்போதியிலை இருமி ரத்தமாத் துப்பினவன். நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

அன்றைக்கு எமிலியானுஸ் இருமியது உண்மை. வேகமாக மிதிக்கும்போது வாய்க்குள் பூச்சி ஒன்று போய்விட்டது. அவன் துப்பியதும் அந்தப் பூச்சியைத்தான். அதைப் பார்த்து அவனும் கூட ஓடிய சிவபாதமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குலசிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல்முறையாக எல்லாரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது சிவபாதத்துக்கு இனித்தது.

"மூண்டு நாளும் ஒரு போத்திலிலை தண்ணி குடிக்கப்போறியள், யோசியுங்கோ. தேப்பனும் அதிலைதான் போனவர். குடும்பத்திலை ஓடுற வருத்தம். வீட்டாக்கள் மறைக்கினம்."

தகப்பன் திருகோணமலையில் வேலை செய்த இடத்தில் காய்ச்சலில் இறந்தவர். அது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

கனகசபை ஒரு பெருமூச்சு விட்டு, தன் துண்டுக் கடதாசியில் இருந்த எமிலியானுஸின் பெயரைப் பென்சிலால் வெட்டினார். பாவம், நல்ல பெடியன் என்றார். பிறகு, வேறு வழியில்லை என்கிற மாதிரிச் சிவபாதத்தின் பெயரைச் சொன்னார். சிவபாதம் தன் பெயரைத் தானே எழுதினான்.

கூட்டம் முடிந்ததும் செல்வரத்தினம் எழும்பி வந்து கடிதத்தை நீட்டினார். கனகசபை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"ஐயா, ஓட்டத்தின் இரண்டாம் நாள் என் தங்கை ஜசிந்தாவின் கலியாணம். ஆகையால் என்னைச் சேர்க்க வேண்டாம். என் இடத்தைச் சிவபாதத்துக்குக் கொடுங்கள். தினமும் விடியற்காலையில் என்னோடு எதிர்க்காற்றில் ஓடினவன், அவனை நம்பலாம். கோயிலில் ஓலை வாசிக்கும்வரை யாருக்கும் சொல்லவேண்டாம் என்று பெரியவர்கள் மறித்ததால் அவனுக்கும் சொல்லவில்லை. கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எமிலியானுஸ்."

தேவாலயத்தில் மூன்று ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தலான ஓலை வாசித்து ஊரறியச் செய்வதற்கு முன்னால் கலியாணப் பேச்சு வெளியே கசியக்கூடாது. குழப்புவதற்கென்றே ஆட்கள் இருக்கிற தீவில் அது வழக்கம்.

சிவபாதத்துக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. தந்துவிட்ட இடத்தைக் களவெடுத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும், நாளைக்கு வந்து நான் பிழையாகப் பார்த்துவிட்டேன் என்று இவர்களிடம் சொன்னால் முடிந்தது, கூட்டத்துப் பேச்சு கூட்டத்தோடு போய்விடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அவனுடைய இரண்டு கைகளையும் யாரோ இறுகப் பிடித்தார்கள். செல்வரத்தினம். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"ஆண்டவர் உம்மை நல்லா வைக்கவேணும், தம்பி," என்றார். "ஜசிந்தாவுக்குப் பேசின மாப்பிள்ளை என்ரை மூத்த பெடியன். நாளைக்குப் பூசையிலை முதல் ஓலை வாசிக்க இருந்தது. இப்பவே போய்ச் சாமியாரிட்டைச் சொல்லி நிப்பாட்டிப்போடுறன்."