அவன் பார்க்காத பாய்ச்சல்

கோல் கம்பங்களுக்கு நடுவே ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

பச்சை ஜெர்சி. கையில் கீப்பர் உறை. ஷூ நுனியால் கோட்டோரப் புல்லைக் கிளறியபடி, ஏதோ சொந்த வீட்டு வாசலில் நிற்பதுபோல் நின்றான்.

இவனுக்குத் திக்கென்றது.

ஆளை மாற்றிவிட்டார்களா? ஒரு வார்த்தை சொல்லாமலா?

இன்றுதான் இவனுக்கு முதல் மேட்ச். இருபது வயது. ஸ்பெயினின் முதல் டிவிஷன். மூத்த கீப்பருக்கு விலா எலும்பு உடைந்ததால் கிடைத்த இடம். நன்றாக ஆடினால் அடுத்த சீசனும் இந்த கோல் இவனுக்கு. சொதப்பினால் பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊர் அணிக்கு இரவல். காலையில் கோச் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இன்னும் ஆட்டமே தொடங்கவில்லை. அதற்குள் என்ன அவசரம்?

பச்சை ஜெர்சி திரும்பியது.

எவாரிஸ்தோ. எதிரணியின் கீப்பர். தாடியில் பாதி நரைத்த ஆள்.

"என்ன தம்பி, வீடு மாறி வந்துட்டியா? இடைவேளை முடிஞ்சு பக்கம் மாறியாச்சு. இனிமே இது என் வீடு."

கோலுக்குப் பின்னால் கேலரியில் சிரிப்பு வெடித்தது.

இடைவேளையா?

இவன் அண்ணாந்து ஸ்கோர் போர்டைப் பார்த்தான். ஒன்று, பூஜ்யம். இவன் அணிதான் முன்னிலை.

எப்போது?

கடைசியாக ஞாபகத்தில் இருப்பது மைதானத்துக்குள் நுழையும் வழி. வரிசையில் நின்றார்கள். சிமென்ட் தரையில் ஷூக்கள் கடகடத்தன. எதிரே வெயில்.

பிறகு?

பிறகு இந்தப் புல். இந்தப் பச்சை ஜெர்சி.

நடுவே ஒன்றுமே இல்லை. கத்திரி போட்டு எடுத்ததுபோல் இல்லை.

பெரிய திரையில் முதல் பாதியை மறுபடி ஓட்டினார்கள்.

ஒரு கீப்பர் பந்தைப் பிடிக்க எதிரணிக்காரனின் காலடியில் விழுகிறான். முழங்கால் ஒன்று அவன் நெற்றிப்பொட்டில் மோதுகிறது. அப்படியே கிடக்கிறான். எழுகிறான். ஓடி வந்த டாக்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்து அனுப்பிவிடுகிறான்.

அடுத்தது பெனால்டி. அதே கீப்பர். இடப்பக்கம் பாய்கிறான். உடம்பு முழுக்க அந்தரத்தில். விரல் நுனி பட்டு, பந்து கம்பத்தில் மோதி வெளியே தெறிக்கிறது.

அடேயப்பா! யார் இவன்?

திரை முகத்தை நெருங்கியது.

இவன் முகம்.

குனிந்து பார்த்தான். ஜெர்சியின் இடப்பக்கமெல்லாம் சேறு. இடது முழங்கை இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

"ஓரி-யோல்! ஓரி-யோல்!" மொத்த மைதானமும் இவன் பெயரைப் பாடியது.

பிறந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தான். அது நடந்தும் விட்டது. நடந்தபோது இவன்தான் அங்கே இல்லை.

எவாரிஸ்தோவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கிட்டே வந்தார். இவன் கண்களையே பார்த்தார்.

"உங்க கோலை அடிச்சது யாரு, சொல்லு."

இவன் வாயைத் திறந்தான். எந்தப் பெயரும் வரவில்லை.

"தம்பி..."

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இன்று தோற்றால் எவாரிஸ்தோவின் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். எதிர் கோலில் சுயநினைவு பாதி போன ஒரு பொடியன். இதைவிட வேறென்ன அதிர்ஷ்டம் வேண்டும் ஒரு அணிக்கு?

அவர் கையால் மறுகோடியைக் காட்டினார்.

இவன் ஓடினான். மைதானம் முழுக்க. கோச் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தூரத்தில் இவனுடைய கோல் தெரிந்தது.

இரண்டு கோல் தெரிந்தது.

கண்ணை இறுக மூடித் திறந்தான். ஒன்றானது.

ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும். ஒரு பாதிதானே.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். வழக்கம்போல இரண்டு கீப்பர்களையும் பார்த்தார். தயார் என்றால் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

இவன் சட்டென்று தூக்கினான்.

எவாரிஸ்தோ தூக்கவில்லை.

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நடுவர் சைகை செய்தார். அவர் அசையவில்லை. நடுவர் விசிலை எடுத்துவிட்டுக் கத்தினார். அதற்கும் அசையவில்லை.

"யோவ் கிழவா, கையைத் தூக்குய்யா! தூங்கிட்டியா?" அவருடைய டிஃபெண்டரே அலறினான். கேலரி ஊளையிட்டது. நடுவர் பாக்கெட்டில் கையை விட்டபடி அவரை நோக்கி ஓடினார். மஞ்சள் அட்டை உயர்ந்தது.

அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை.

அத்தனை நீளப் புல்லையும் தாண்டி, இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவனுடைய கை இன்னும் மேலேதான் இருந்தது. தோளில் யாரோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தது. சுற்றிலும் இவன் பெயர். எதிர் கோல் இப்போது இரண்டானது. மூடித் திறந்தான். இரண்டாகவே இருந்தது.

கையை இறக்கினான்.

அப்படியே புல்லில் உட்கார்ந்தான்.

பாட்டு ஒவ்வொரு வரிசையாக நின்றது.

கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். மாற்றுக் கீப்பர் பதறி எழுந்தான். இவனைவிடச் சின்னவன். முகத்தில் ரத்தமே இல்லை. ஜாக்கெட் ஜிப்பைப் பிடித்து இழுத்தான்.

பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தான்.