திருக ஒன்றுமில்லாத கார்

"இதிலை திருகிறதுக்கு ஒண்டும் இல்லை அன்ரி. எல்லாம் கொம்பியூட்டர் பாக்கும்" என்று பெருமையாகச் சொன்னான் றயன்.

"அப்ப வேண்டாம்" என்றாள் நேசமலர்.

றயன் நெல்லியடியில் பழைய கார்களைத் திருத்தி விற்கிறவன். இப்படி ஒரு காரணம் சொல்லி எவரும் அவனிடம் காரை வேண்டாம் என்றதில்லை.

பக்கத்தில் நின்ற அவள் கணவர் கிருபைரட்ணத்துக்கு முகம் கறுத்துவிட்டது. வங்கி மனேச்சராக இருந்த காலமெல்லாம் அடக்கி வைத்த ஆசை. ஓய்வு பெற்ற பிறகாவது, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் தேவாலய வாசலில் போய் இறங்க வேண்டும்.

இரண்டு கார் நின்றன. நீலம், தொண்ணூறாம் ஆண்டு ஜப்பான் கார், பெற்றோலைக் கொம்பியூட்டரே அளந்து விடும் இன்ஜெக்ஷன். திறப்பைத் திருப்பினால் ஸ்ராட். சிவப்பு, எழுபத்து மூன்றாம் ஆண்டு இங்கிலாந்துக் கார், பெற்றோலையும் காற்றையும் கலக்க இரட்டைக் காபரேற்றர். அதற்கு மனம் வந்தால்தான் ஸ்ராட்.

"நேசம், நீலம் ஒரு நாளும் வழியிலை விடாது. இந்த வயசிலை என்னைக் கார் தள்ளச் சொல்லுறியோ?"

"சிவப்புத்தான் வடிவு."

"வடிவைப் பாத்தோ கார் வாங்கிறது?"

"என்னை அப்பிடித்தானே பாத்து எடுத்தனீங்கள்."

கிருபைரட்ணம் நீலக் காரின் கதவை மெல்லச் சாத்தினார்.

நேசமலர் றயனிடம் திரும்பினாள். "தம்பி, சிவப்பிலை திருகிறதுக்கு என்ன இருக்கு?"

"காபரேற்றருக்கு ஒண்டாய் இந்த ரெண்டு ஸ்குறூவும் இருக்கு அன்ரி. ஆனால் கை வைச்சிடாதேங்கோ. பிசகினால் கார் ஸ்ராட் வராது. சரியாக்கக் காது பழகின ஆள் வேணும்."

"எந்த ரெண்டு? இன்னொருக்காக் காட்டுங்கோ."

சிவப்புக் கார் மானிப்பாயில் அவர்கள் வீட்டுக்கு வந்தது. முதல் ஞாயிறு காலை கிருபைரட்ணம் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு ஏறி இருந்தார். கார் இருமியது. பிறகு அதுவும் இல்லை.

"இப்ப ஆரைக் கூப்பிடுறது?" என்று எரிந்து விழுந்தார்.

"ஏன், மதிலுக்கு அங்காலை என்ரை அண்ணை இருக்கிறார். முப்பது வருசம் கார் திருத்திற கராச் வைச்சிருந்த மனிசன்."

கிருபைரட்ணம் ரையைத் தளர்த்தினார். அவரும் மச்சான் கிறிஸ்துநாயகமும் கதைத்து ஒன்பது வருடம். தேவாலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஒரு பலாப்பழத்துக்கு இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் கேட்டு, சபை பார்த்திருக்க வாய்ச்சண்டையாகிவிட்டது. பலாப்பழம் அன்று பின்னேரமே முடிந்தது. கோபம் முடியவில்லை. கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் வரும்போதெல்லாம் நேசமலர் மதிலுக்கு மேலால் அண்ணனுக்குக் கேக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் அழுதாள்.

தங்கை கூப்பிட்டதும் கிறிஸ்துநாயகம் வந்தார். மச்சானைப் பார்க்கவில்லை; காரின் முன்மூடி பொனற்றைத் திறந்து எதையோ திருகினார். கார் ஸ்ராட் வந்ததும், ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் காபரேற்றரின் மூச்சைக் கேட்டார்.

"காரே, சோக்கைக் கண்டபடி இழுத்தால் நீயும் என்ன செய்வாய்" என்றார் காரிடம்.

"காரே, நான் மெல்லத்தான் இழுத்தனான் எண்டு உனக்குத் தெரியும்" என்றார் கிருபைரட்ணம், அதே காரிடம்.

நேசமலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அண்ணன் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறும் கார் ஸ்ராட் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்தான். மூன்றாம் தரம் அண்ணன் வாங்குப் பலகையில் இருந்து குடித்தார். ஐந்தாம் தரம், "காரே" என்று தொடங்க மறந்துபோய், "மச்சான், அந்த ஸ்பனரை எடும்" என்றுவிட்டார். கிருபைரட்ணம் எடுத்துக் கொடுத்தார். கேட்காத மாதிரி ஒருவரும், சொல்லாத மாதிரி மற்றவரும் நின்றார்கள்.

நேசமலரைத் திட்டாத ஆள் சபையில் இல்லை. நல்ல காரை வாங்க விடாமல், மனிசனின் தலையில் பழுதுக் காரைக் கட்டிவிட்டாளாம்.

அந்தக் கார் பழுதே இல்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் கணவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்து, தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்த சின்ன ஸ்குறூ ட்ரைவரால், றயன் காட்டிய இரண்டு ஸ்குறூவையும் இரண்டிரண்டு சுற்றுத் திருகிவிடுவது அவள்தான்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை மட்டும் அவளுக்கு வசதிப்படவில்லை. கரோல் பயிற்சி இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்தபோது கணவர் குளித்து முடித்து, கார்க் கொட்டகைக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். அவளால் காரை நெருங்கவே முடியவில்லை.

படுத்தும் நித்திரை வரவில்லை. நாளைக்குக் கார் ஸ்ராட் வந்துவிடும். அண்ணன் வரமாட்டார். நாளைக்கு அவரை எப்படியாவது நத்தார்ச் சாப்பாட்டுக்குச் சம்மதிக்க வைக்கலாம் என்று இருந்தாளே, பத்தாவது நத்தாரும் மதிலோடு போய்விடும்.

விடிந்தது. அவள் சேலை உடுத்திக்கொண்டு வெளியே வர, கார் இருமியது. பிறகு அதுவும் இல்லை.

நேசமலரால் நம்ப முடியவில்லை. ஓடிப்போய்க் கணவருக்கு முன்னால் நின்றாள். "என்ன, ஸ்ராட் வரேல்லையோ?"

"இல்லை. கொண்ணரைக் கூப்பிடு" என்றார் கிருபைரட்ணம், அவள் முகத்தைப் பாராமல். "இது இண்டைக்குத் தீராது போலை. நத்தாரண்டைக்கும் வந்து பாக்கச் சொல்லு. சாப்பாடு இஞ்சைதான் எண்டும் சொல்லு."

நேசமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கார் இருமிய பிறகு பொனற்றை இன்னும் ஒருவரும் திறக்கவில்லை.

ஆனால் கிருபைரட்ணத்தின் விரல் பத்திலும் கறுப்பு ஒயில்.