கார்ட்டர் துரையின் வாத்துக்குளம்

"பார்க்குல வாத்துக்குளம் இருந்துச்சாம் மேடம். வீட்டுலேருந்து ரொட்டித் துண்டு எடுத்துட்டுப் போயி போடுவாராம்."

வைரவன் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஹெலன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். சன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் அப்பா கார்ட்டரின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடை வரை இறங்கியது.

"பாவம், அப்பாவுக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு" என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கார்ட்டர் முப்பது வருஷமாக ஷார்ஜாவில் என்ஜினீயராக இருந்தவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறிப்போனது. முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாரா சிணுங்குகிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

நன்றாக இருந்த காலத்தில் அவர் தன் சின்ன வயசைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம், அவர் வளர்ந்த தெரு, விளையாடிய பூங்கா எதுவும் அவளுக்குத் தெரியாது. அவர் கண்ணை மூடுவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தாள்.

நாள் முழுக்கக் கூட இருந்து அவரைக் கவனித்துக்கொள்பவனுக்கு அந்தக் குழறல் புரியும் என்று அவளாகவே நம்பிக்கொண்டாள். வைரவனும் 'புரியுது மேடம்' என்று சொல்லிவைத்தான். சத்தியமாக அவனுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

வேறு என்னதான் சொல்வான்? சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு வருஷம் கட்டட சைட்டில் கம்பி கட்டி, வெயிலில் தோல் உரிந்தவன். இந்த ஏசி ரூம் டூட்டி கிடைத்ததே பெரும் அதிர்ஷ்டம். "அப்பா பேசறது புரியலைன்னா வேற ஆளைப் பார்க்கணும்" என்று ஹெலன் முதல் வாரமே சொல்லியிருந்தாள். இப்போதோ அவன் விசா முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

ஆகவே தினம் ஒரு கதை. ஹெலன் ஆபீசிலிருந்து வரும் நேரத்துக்குக் கார்ட்டரின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, கட்டிலிலிருந்து அலாக்காகத் தூக்கி நாற்காலியில் வைப்பான். அப்போதுதான் அவர் வாயைத் திறப்பார். தினமும் அதே மூன்று சத்தம்தான். நம் ஆள் அதற்கு முக்கால் பக்கம் அர்த்தம் சொல்லுவான்.

பாதிக் கதையை அவளே எடுத்துக் கொடுத்தாள் என்பதுதான் வேடிக்கை.

"பார்க்குல ஒரு காவல்காரர் இருந்திருப்பாரே?"

"இருந்தாரு மேடம். விசில் வெச்சிருப்பாராம். புல்லுல கால வெச்சா வெரட்டுவாராம்."

"பக்கத்துத் தெருப் பசங்களோட சண்டை?"

"அதை ஏன் கேக்குறீங்க!"

மிச்சமெல்லாம் அவன் முன்பு தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்கு எதிரே இருந்த பூங்காவில் அவன் பார்த்தது. லீவு நாளில் குடும்பத்தோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். வைரவனைப் போன்ற ஒண்டிக்கட்டைகள் வேலிக்கு வெளியே நின்று ஊஞ்சலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த எரிச்சலை எல்லாம் கதையில் தீர்த்துக்கொண்டான்.

அப்படி ஒரு நாள் வாய் சறுக்கியது.

"வெள்ளிக்கெழமை லீவுல அவங்க அப்பா தோள்ல தூக்கிட்டுப் போவாராம் மேடம். பேண்டு வாசிக்கிறதப் பாத்துட்டு..."

ஹெலனின் பேனா நின்றது. "வெள்ளிக்கிழமையா? இங்கிலாந்துல ஞாயிறுதானே லீவு?"

 வளைகுடாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து வைரவனுக்கு லீவு என்றால் வெள்ளி. ஊர் உலகத்துக்கே அப்படித்தான் என்று நாக்கு பழகிவிட்டிருந்தது. "ஞாயித்துக்கெழமதான் மேடம், நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று மென்று விழுங்கினான். அவள் நோட்டை மூடினாள்.

மறுநாள் ஹெலனோடு ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் நஜீஹா. காயல்பட்டினத்துக் குடும்பம். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவளாம்.

"அப்பா சொல்றதை இவங்களும் ஒரு தடவை கேக்கட்டும்" என்றாள் ஹெலன். குரலில் பழைய இதம் இல்லை.

தொலைந்தது. மறுபடி கம்பி, மறுபடி வெயில் என்று வைரவன் நினைத்துக்கொண்டான். இருந்தாலும் வழக்கம்போல அவரை அக்குளில் பிடித்துத் தூக்கினான். வழக்கம்போல அந்த மூன்று சத்தம் வந்தது. கண்ணீரும் வந்தது.

நஜீஹா அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொல்றார்? பார்க்கைப் பத்தித்தானே?" ஹெலன் பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்தாள்.

 நஜீஹா வைரவன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அண்ணே, இதை எத்தனை நாளாச் சொல்றாரு?"

தமிழைக் கேட்டதும் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நம்ம ஊர்ப் பிள்ளை, காட்டிக்கொடுக்காது என்று தோன்றியது. "நாலு மாசமா இதேதாம்மா. தூக்கி உக்கார வெக்கிறப்ப எல்லாம் சொல்லுவாரு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. எப்படியாவது பார்க்குன்னே சொல்லிரும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"'தூக்காதே, வலிக்குது'ன்னு கெஞ்சுறாருண்ணே."