ஒரே மாதிரி வைத்தியம்

பக்கத்துக் கட்டில் காயத்ரியைப் பார்க்கப் பார்க்க மலர்க்கொடிக்கு வயிறு எரிந்தது.

சிதம்பரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே காலையில்தான் இருவருக்கும் சிசேரியன் நடந்தது. சாயங்காலம் காயத்ரிக்கு அவள் புருஷன் கஞ்சித் தண்ணீரை ஆற்றி ஸ்பூனில் ஊட்டினான். மாமியார் காலைப் பிடித்துவிட்டாள்.

மலர்க்கொடியின் மாமியார் கொளஞ்சியோ, மூத்த பேத்தியைத் தூக்கி மருமகள் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"சும்மாதான ஒக்காந்திருக்க? இவளுக்குத் தலையப் பின்னிவுடு. டீ குடிக்கப் போன ஒம்புருசன எங்க காணும்னு பாத்துட்டு வரேன்."

அவள் நகர்ந்ததும் மயக்க மருந்து டாக்டர் ஜான்சி வந்தார். மலர்க்கொடி பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆபரேசன்தான? வைத்தியமும் ஒரே மாதிரிதான இருக்கணும்?"

ஜான்சி திகைத்தார். "அவங்களுது அவசர கேஸ். வலி தெரியாம இருக்க வயித்து நரம்புக்குப் போடுற ஊசிய அவங்களுக்குப் போட நேரமில்ல. உங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் போட்டோமே! ஏன், வலிக்குதா?"

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. அதான் வெனையே!" சீறினாள் மலர்க்கொடி. "அவ வலியில துடிக்கிறா, வூடே சுத்தி நின்னு தாங்குது. எனக்கு வலிக்கலன்னதும், ஒனக்கென்ன கேடு, எழுந்திருங்குது எங்க வூடு. அவ வலியில பாதிய எனக்குக் குடுங்க. முடியாதுன்னா, எங்க அத்தை வந்ததும் எனக்கு வலி ஜாஸ்தின்னு நீங்களாவது சொல்லுங்க!"