கன்னத்தில் ஒதுங்கிய மிட்டாய்

மதிய வெயில் தையல் மெஷின் மேல் சாய்ந்து கிடக்கிறது. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து பத்தியம் இருக்கும் டெய்லருக்கு, இன்று காலைச் சாப்பாட்டையும் விட்டதில் கை வெடவெடக்கிறது. பிடரி குளிர்ந்து வியர்க்கிறது. நூல் ஊசிக்காதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. துணி தைக்க வருகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, காகிதம் சரசரக்காமல் உரித்து, கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். மெல்ல நடுக்கம் அடங்குகிறது. அந்நேரம் பார்த்து மனைவி இரண்டு கிளாஸ் டீயோடு வருகிறாள். முன்பெல்லாம் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தவள், அவருக்காகத் தானும் அதை விட்டுவிட்டாள். ஒரு மடக்கு குடித்ததும் அவள் முகம் சுளிக்கிறது. அவர் பார்ப்பதைக் கண்டு சிரிக்கிறாள். "நீங்களே வாயக் கட்டிட்டு இருக்கீங்க, எனக்கென்ன வந்துச்சு?" குனிந்த தலை நிமிராமல் அவரும் ஒரு மடக்கு குடிக்கிறார். கன்னத்து மிட்டாயில் பட்டு, அவருடைய டீ மட்டும் தித்திக்கிறது.